முன்சக்கரத்துக் காற்று

"அலெசியோ முன்னாலே, அலெசியோ இன்னமும் முன்னாலே" என்று தொண்டை கிழியக் கத்தும் குரல் முன்னறையிலிருந்து வந்தது. சமையலறை மேசையில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த ஒரெஸ்தேயின் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

தொலைக்காட்சி வர்ணனையாளனின் குரல் அது. ஞாயிற்றுக்கிழமை நடந்த பந்தயத்தை ஒரெஸ்தேயின் மனைவி நிவெஸ் மறுபடியும் போட்டுவிட்டாள். திங்கள் போட்டாள், செவ்வாய் போட்டாள், இதோ வியாழன் மத்தியானமும் போட்டுவிட்டாள்.

"நிவெஸ், அதை அணைச்சுத் தொலையேன்" என்றார்.

"கோட்டைத் தாண்டட்டும், அணைக்கிறேன். அதுக்கப்புறம் நடந்ததை நான் என்னிக்குப் பார்த்தேன்?"

அவள் சொன்னது உண்மைதான். அலெசியோ முதலாவதாகக் கோட்டைத் தாண்டி, கைப்பிடியை விட்டு இரு கைகளையும் வானத்துக்கு விரிக்கும் அந்தக் கணத்தில் அணைத்துவிடுவாள். அவளுடைய தொலைக்காட்சியில் அந்தப் பையன் இன்னும் தோற்கவில்லை.

ஆனால் தோற்றுவிட்டான். ஏன் தோற்றான் என்று இந்த ஊரில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அந்த ஒருவர் அவரைக்காயைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஒரெஸ்தே, மிசானோ பந்தயத்திடலுக்குப் பின்னால் குன்றின் மேல் இருக்கிற மொந்தெகலீனாவில் பிறந்தவர். அந்தப் பக்கத்து ஊர்களில் பிள்ளை நடக்கப் பழகும் முன்பே மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் தொட்டி மேல் உட்காரவைத்துப் படம் எடுத்துவிடுவார்கள். ஒரெஸ்தேக்கும் அப்படி ஒரு படம் உண்டு. ஓட்ட வேண்டும் என்ற வெறியும் இருந்தது. உடம்புதான் இடம் கொடுக்கவில்லை. மீசை முளைப்பதற்குள் கன்றுக்குட்டி போல் கனத்துவிட்டார். கனத்தவனுக்குப் பந்தயத்தில் இடம் கிடையாது. நெடுஞ்சாலை ஓரத்து டயர்க் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கை சுத்தம், வாய் குறைவு. ஒரு நாள் ஒரு பந்தய அணி கூப்பிட்டது, போனார். அன்றிலிருந்து டயரை வளையத்தில் ஏற்றுவது, சூடாக்குவது, காற்றுப் பிடிப்பது, பிறகு கழற்றிப் போடுவது, இதுவே வாழ்க்கை. உலகம் முழுக்கச் சுற்றியும் அவர் பார்த்ததெல்லாம் டயரும் விமான நிலையமும்தான் என்று நிவெஸ் குத்திக்காட்டுவாள்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குறையை அலெசியோ தீர்த்தான்.

அலெசியோவின் அப்பா ஃபௌஸ்தோ, ஒரெஸ்தேயோடு ஒரே தெருவில் வளர்ந்தவன். வார நாளில் தரைக்கு ஓடு பதிப்பான். ஞாயிற்றுக்கிழமை சின்னப் பந்தயங்களில் ஓட்டுவான். வண்டியைக் கோட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகும் முன் முன்சக்கரத்தின் வால்வை அமுக்கிக் கொஞ்சம் காற்றை வெளியே விடுவது அவன் வழக்கம். காற்றுக் குறைந்தால் டயர் தரையைக் கட்டிப் பிடிக்கும், வளைவில் இன்னும் வேகமாகப் போகலாம். அந்தக் காலத்தில் அதைக் கேட்பார் இல்லை, விதியும் இல்லை. ஒரு ஞாயிறு, மிசானோவில் எல்லாரும் பயப்படும் அந்த வலப்பக்கத்து வளைவில், டயர் வளையத்தை விட்டுக் கழன்றது. ஃபௌஸ்தோ எழுந்திருக்கவே இல்லை. அலெசியோவுக்கு அப்போது சரியாகப் பேச்சு வராத வயது.

ஞானஸ்நானத்தின்போது பையனைக் கையில் ஏந்திய ஞானத்தகப்பன் ஒரெஸ்தேதான். ஏந்திய கை பிறகு இறக்கிவிடவே இல்லை. தாய் மிரெல்லா கடற்கரை விடுதியில் வேலைக்குப் போன கோடைகளில் பையன் நிவெஸின் மேசையில்தான் சாப்பிட்டான். அவனுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்காதே என்று மிரெல்லா அழுதாள். ஒரெஸ்தே கற்றுக்கொடுக்கவில்லை. அந்த மண்ணில் அதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதும் இல்லை.

காலம் ஓடியது. அலெசியோ உலகப் பந்தயத்துக்கே வந்துவிட்டான். வந்து சேர்ந்தது ஒரு சின்ன அணி. அதில் டயர்க்காரர் ஒரெஸ்தே. ஊர்க்காரர்களுக்குக் கேட்கவா வேண்டும்? குவால்தியேரோவின் காபிக் கடையில் அவன் படம் பெரிதாக ஏறியது. அவன் ஜெயித்தால் கோயில் மணி அடிப்பேன் என்று பாதிரியார் தொன் சேனோ பிரசங்கத்துக்கு நடுவிலேயே அறிவித்துவிட்டார். ஆனால் மணி அடிக்கும் வேளை வரவில்லை. வண்டி பழசு. அலெசியோ இந்தப் பருவம் முழுக்க ஏழாவது இடத்துக்கு மேல் வந்ததில்லை.

பந்தயமும் முன்போல் இல்லை என்பது கடையில் தினசரிப் புலம்பல். வண்டிகளுக்குச் சிறகு முளைத்துவிட்டது. கிளம்பும்போது தானே குனிகிறது, வளைவிலிருந்து வெளியே வரும்போது தானே தாழ்கிறது, சக்கரம் வழுக்கினால் கம்ப்யூட்டர் பிடித்துக்கொள்கிறது. முன்னால் போகிற வண்டியின் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் அதன் சூட்டில் இவன் டயர் வெந்துபோகிறது, முந்த முடிவதில்லை. வரிசையாக, சவ ஊர்வலம் மாதிரி.

"முன்னெல்லாம் பந்தயம் ஓடும்போது எவனும் காபி கேட்க மாட்டான்" என்பார் குவால்தியேரோ. "மூச்சே விடமாட்டானுங்க. இப்போ ரெண்டாவது சுத்துலயே சீட்டுக்கட்டைக் கொண்டாங்கிறானுங்க. எனக்கு யாவாரம் நல்லாத்தான் நடக்குது, பந்தயம்தான் செத்துப்போச்சு."

எல்லாவற்றையும் விட அவர்கள் வசைபாடியது காற்று விதியைத்தான். முன்டயரில் இன்ன அளவுக்குக் கீழே காற்று இருக்கக் கூடாது. பந்தயத்தின் பாதி நேரத்துக்கு மேல் குறைந்திருந்தால் தண்டனை. சக்கரத்துக்குள்ளேயே ஒரு கருவி உட்கார்ந்து கணக்கு எடுக்கிறது. குறைந்தால் ஓட்டுகிறவனின் கண்ணெதிரே விளக்கு எரியும். முன்னால் தனியாகப் போகிறவனுக்குக் குளிர்ந்த காற்று படுவதால் டயர் அழுத்தம் ஏறாது. கூட்டத்தில் போகிறவனுக்கு மற்றவர்களின் சூட்டில் கிடுகிடுவென்று ஏறிவிடும். ஆகவே பந்தயத்தில் நம் ஆள் எங்கே இருப்பான் என்று முதலிலேயே ஊகித்து, முன்னால் போகிறவனுக்குக் கூட்டியும் கூட்டத்தில் போகிறவனுக்குக் குறைத்தும் வைக்க வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் காற்றுப் பிடிப்பதற்கு முன் ஒரு ஜோசியம் பார்த்தாக வேண்டும். தப்பிப்போனால், முன்னால் போகிறவனே வேகத்தைக் குறைத்து இன்னொருத்தனை முன்னே விட்டு, அவன் பின்னால் ஒட்டி அவன் சூட்டில் குளிர் காய வேண்டியதுதான்.

"ஜெயிக்கப் போறவன் பிரேக் பிடிச்சு வழி விடறான். இதைப் பார்க்கவா காசு கொடுத்துச் சீட்டு வாங்குறோம்?" என்று ஒரு நாள் குவால்தியேரோ மேசையைத் தட்டினார்.

கடையில் அந்த விதிக்குப் பரிந்து பேசிய ஒரே ஆள் ஒரெஸ்தே. "போய் ஃபௌஸ்தோவைக் கேட்டுட்டு வா" என்றார். பந்தயம் சப்பென்று ஆகிவிட்டது என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஃபௌஸ்தோவைக் கொன்றது எதுவோ அதைத் தடுக்கிற விதியை அவர் எப்படி ஏசுவார்?

போன ஞாயிறு, சொந்த மண்ணில் பந்தயம். அணியின் முதலாளி அலெசியோவிடம் முன்பே கறாராகச் சொல்லியிருந்தார்: இந்த மாதத்துக்குள் முதல் மூன்று இடங்களில் ஒன்று, இல்லையென்றால் அடுத்த வருடம் வேறு ஆள். மூன்றாம் வரிசையிலிருந்து கிளம்புகிறவனுக்கு அது நடக்கிற காரியமா என்று எல்லாரும் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டார்கள்.

கிளம்புவதற்குச் சற்று முன் அலெசியோ ஒரெஸ்தேயின் காதருகே வந்தான். தலைக்கவசம் இன்னும் போடவில்லை. முகம் ஃபௌஸ்தோவின் முகமாகவே இருந்தது.

"மாமா, இன்னிக்கு நான் முன்னாடி போயிடுவேன். முன்னாடி போறவனுக்கு வைக்கிற காத்தை வை."

"சரிடா, வெச்சுடறேன்" என்று அவன் கன்னத்தில் தட்டினார் ஒரெஸ்தே.

அவன் போன பிறகு தலைமைப் பொறியாளர், பெர்ன்ட் என்கிற ஜெர்மன்காரர், அவரைத் தனியே அழைத்தார். உங்கள் பையனை உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும், எங்கே இருப்பான் என்று கேட்டார். ஒரெஸ்தே ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. கூட்டத்தில் இருப்பான், எட்டோ ஒன்பதோ என்றார். முன்னால் போவான் என்று வைத்து அவன் கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் டயர் பலூனாகிவிடும். பிரேக் பிடிக்கும் இடத்தில் முன்சக்கரம் வழுக்கும். விழுவான். அந்த வலப்பக்கத்து வளைவு அவர் கண்ணுக்குள் எப்போதும் இருந்தது. கூட்டத்துக்கு வைக்கிற காற்றையே வைத்தார்.

விதி சிரித்தது என்றுதான் சொல்ல வேண்டும். முதல் சுற்றிலேயே முன்வரிசைக்காரர்கள் ஒருவரை ஒருவர் இடித்து, மூன்று பேர் சரளையில் புரண்டார்கள். மிச்சப்பேர் தடுமாறி விலகிய இடைவெளியில், கதவு திறந்த வீட்டுக்குள் நுழைகிற பூனை மாதிரி அலெசியோ புகுந்து முன்னே போனான். போனவன் போய்க்கொண்டே இருந்தான். பார்வையாளர் மேடைகளில் மஞ்சளும் நீலமுமாகப் புகை கிளம்பியது. ஊரே எழுந்து நின்று, அவன் முன்னாலேயே இருக்க வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டது.

அத்தனை ஆயிரம் பேரில் ஒருவர் மட்டும் வேறு வேண்டுதல் வைத்தார். தாயே, எவனாவது ஒருத்தன் அவனை முந்தட்டும். யாராக இருந்தாலும் சரி, முந்தட்டும்.

ஒருவனும் முந்தவில்லை. ஒரெஸ்தே வேர்த்து வழிய பெர்ன்டிடம் ஓடினார். விளக்கு எரிந்திருக்கும், அவனுக்கே தெரியும், பார்த்து ஒருத்தனை முன்னால் விடுவான் என்று பெர்ன்ட் சொன்னார். சொன்னதைத் தடத்தோரப் பலகையிலும் எழுதிக் காட்டினார்கள். அலெசியோ பலகையைப் பார்த்ததாகவே தெரியவில்லை. கோட்டைத் தாண்டினான். கைகளை விரித்தான். குன்றின் மேலே தொன் சேனோ மணியை அடிக்க ஆரம்பித்துவிட்டார்.

பரிசு மேடையில் அவன் அழுதுகொண்டே நின்றபோது ஒரெஸ்தேயும் அழுதார். பக்கத்தில் நின்றவர்கள் அது சந்தோஷம் என்று நினைத்தார்கள். வெயில் சாய்வதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது: முன்டயரில் காற்றுக் குறைவு, பதினாறு விநாடி தண்டனை. முதலாவது வந்தவன் பதின்மூன்றாவது ஆனான். கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அடித்த மணியை என்ன செய்வது?

அன்றிலிருந்து ஒரெஸ்தே அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. நிவெஸிடம்கூடச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஒருவன் வந்தால் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு நாள் நினைத்தார். அவன் வராமலே இருக்கட்டும் என்று மறுநாள் நினைத்தார்.

வெளியே மேட்டில் ஸ்கூட்டர் ஏறிவரும் சத்தம் கேட்டது. நிவெஸ் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். அலெசியோதான்.

அவன் அவளை இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டான். ஒரெஸ்தேயின் தோளைப் பிடித்து அழுத்தினான். சமையலறையில் அவனுக்கென்று இருக்கிற நாற்காலியில் உட்கார்ந்தான். நிவெஸ் வழக்கம்போல அவனுக்கு வேகவைத்த கோழியும் கீரையும் எடுத்துவைக்கப் போனாள்.

"அது வேண்டாம் அத்தை. பியாதினா சுட்டுக் கொடு. நிறைய பாலாடைக்கட்டி வெச்சு."

நிவெஸ் திரும்பி அவனைப் பார்த்தாள். பந்தயப் பருவத்தில் மாவுப் பண்டத்தைக் கையால் தொடாத பையன் அவன். உடம்பில் ஒரு கிலோ ஏறினால் வண்டியின் வேகம் குறையும் என்று கிறிஸ்துமஸ் வரை பட்டினி கிடப்பவன். கல்லை அடுப்பில் வைத்தாள். அவள் தோள்கள் குலுங்குவது ஒரெஸ்தேக்குத் தெரிந்தது.

சுடச்சுட ரொட்டியை மடித்துத் தின்றபடியே அலெசியோ சொன்னான். நேற்று முதலாளியின் அறையில் விசாரணையாம். பெர்ன்டும் இருந்தாராம். கருவி பழுதாகிவிட்டது என்று இவன் அடித்துச் சொல்லியிருக்கிறான். அதைச் சோதித்தாயிற்று, நன்றாகத்தான் இருக்கிறது என்று காட்டிவிட்டார்கள். அப்படியானால் ஒரெஸ்தே வைத்த காற்றை யாரோ அப்புறம் குறைத்திருக்கிறார்கள் என்று இவன் சொல்ல, பேச்சு தடித்துவிட்டது.

"அந்த ஜெர்மன்காரன் என்ன சொன்னான் தெரியுமா மாமா?" அலெசியோ சிரித்தான். "கூட்டத்துக்கு வைக்கச் சொன்னதே நீதானாம். உன் மேலேயே பழியைப் போடறான். முப்பது வருஷமா அந்தக் கூடாரத்துல உன்னை மாதிரி நேர்மையான ஆள் உண்டா? எனக்குக் கண்ணு மண்ணு தெரியல. சட்டையைப் பிடிச்சுட்டேன்."

"அடிச்சியா?" என்றாள் நிவெஸ்.

"சுவத்துல சாத்தினேன். அவ்வளவுதான். அதோட என் கதை முடிஞ்சுது. என் இடத்துக்கு வேற பையனைப் போட்டாச்சு. இன்னிக்குக் காலையில ஊருக்கே சொல்லிட்டாங்க."

"அந்த ஆள் நல்லா இருப்பானா" என்று நிவெஸ் அடுப்பைப் பார்த்துச் சபித்தாள். "பெத்தவ வயிறு எரியுறது அவனைச் சும்மா விடுமா."

அலெசியோ ரொட்டியைக் கீழே வைத்தான். "விளக்கு எரிஞ்சுது மாமா. ஆறாவது சுத்துலயே எரிய ஆரம்பிச்சுட்டுது. பலகையையும் பார்த்தேன். எல்லாம் பொய்னு நெனச்சேன். மாமா வெச்சுடறேன்னு சொன்னாரே, அப்புறம் எப்படிக் குறையும்னு நெனச்சேன். விளக்கை நம்புறதா, உன்னை நம்புறதா?"

எதிரே இருக்கிறவன் அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துத் தன் வாழ்க்கையையே கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். இப்போது வாயை மூடிக்கொண்டால் சாகும்வரை அவர் அவனுக்குத் தெய்வம். திறந்தால்?

"பெர்ன்ட் பொய் சொல்லலை" என்றார்.

நிவெஸின் கையிலிருந்த கரண்டி அடுப்பு மேல் விழுந்தது.

"நான் கேட்டேனே மாமா."

"கேட்டே."

"சரின்னு சொன்னியே."

"ஒவ்வொரு ஞாயிறும் ஓட்டுறவன் அத்தனை பேரும் முன்னாடி போவேன்னுதான் சொல்றான் அலெசியோ. நானும் எல்லார்கிட்டயும் சரின்னுதான் சொல்றேன்."

"அவனுங்க அத்தனை பேரும் உன் வீட்டுலயா வளர்ந்தானுங்க?"

ஒரெஸ்தே மேசையைப் பார்த்தார்.

"முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே" என்றான் அலெசியோ. குரல் உயரவே இல்லை. அவன் கத்தியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். "உன்னால முடியாதுடான்னு என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லியிருந்தா, விளக்கு எரிஞ்சதும் நம்பியிருப்பேன். ஒருத்தனை முன்னாடி விட்டுட்டு அவன் முதுகுல ஒட்டிக்கிட்டுப் போயிருப்பேன். கடைசிச் சுத்துல தாண்டியிருப்பேன். தாண்ட முடியலேன்னாலும் ரெண்டாவது வந்திருப்பேன். ரெண்டாவது போதுமே மாமா எனக்கு."

போதும். முதல் மூன்றில் ஒன்று போதும் என்றுதானே முதலாளி சொன்னார். ஒரெஸ்தேக்கு இது ஞாயிறு சாயங்காலமே தெரியும். தெரிந்ததை இன்னொருவர் வாயால் கேட்பது வேறு.

நாளைக்கே முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொல்கிறேன், என்னை வேலையை விட்டுத் துரத்தட்டும், உன் இடத்தை உனக்குக் கொடுக்கட்டும் என்று அவர் திக்கித் திக்கிச் சொன்னார். அலெசியோ தலையை ஆட்டினான்.

"அவர்கிட்ட நீ என்ன புதுசா சொல்லப்போறே? பெர்ன்ட் சொன்னதையேதானே சொல்வே. சட்டையைப் பிடிச்சது நான்தானே."

"உங்கப்பன் விழுந்த இடம் எனக்கு..." என்று ஒரெஸ்தே ஆரம்பித்தார். "அன்னிக்குக் காத்து ஜாஸ்தியாகி நீயும் விழுந்துட்டா..."

"அப்பாவை இழுக்காதே மாமா."

சமையலறையில் ரொட்டி கருகும் வாசம் பரவியது. நிவெஸ் அதை எடுக்கவில்லை. ஒரு பக்கம் முப்பது வருடம் கூட வாழ்ந்தவர், ஒரு பக்கம் வயிற்றில் சுமக்காமல் வளர்த்தவன். யார் பக்கம் போய் நிற்பது என்று தெரியாமல் சமையல் ஏப்ரனை இரு கைகளாலும் கசக்கிக்கொண்டு நடுவில் நின்றாள்.

இனி என்ன செய்வாய் என்று அவள்தான் கடைசியில் கேட்டாள். ஜப்பானில் ஒரு கம்பெனி கூப்பிட்டிருக்கிறது என்றான். புது வண்டிகளைச் சோதித்துப் பார்க்கிற வேலை. விதிகள் மறுபடி மாறப்போகின்றனவாம், சிறகைக் குறைக்கிறார்களாம், குனிகிற கருவியை எடுத்துவிடுகிறார்களாம், பந்தயத்தைச் சுவாரசியமாக்கப் போகிறார்களாம். அதற்கு வண்டி தயாராக வேண்டுமே.

"நாள் பூரா தனியா ஓட்டணும் அத்தை. முன்னாடியும் எவனும் இல்லை, பின்னாடியும் எவனும் இல்லை. எவ்வளவு காத்து வேணும்னாலும் வெச்சுக்கலாம்."

"மிரெல்லா என்ன சொல்றா?"

"அம்மா சந்தோஷப்படறா. இனிமே விழமாட்டேனாம்."

எழுந்தான். தட்டில் பாதி ரொட்டி மீதியிருந்தது. நிவெஸைக் கட்டிக்கொண்டான், அவள் விடவில்லை, அவனே மெல்ல அவள் கையை விலக்கினான். ஒரெஸ்தேயின் முன்னால் வந்து நின்றான். பிறகு, சின்ன வயதிலிருந்து போகும்போதெல்லாம் செய்கிறபடி, குனிந்து அவர் நெற்றியில் ஒரு முத்தம் வைத்தான். பழக்கம்தான் அப்படிச் செய்ததா, மன்னிப்பா என்று ஒரெஸ்தேக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார்.

"உட்காரு மாமா. வழி எனக்குத் தெரியும்."

நிவெஸ் அவனோடு வாசல் வரை போனாள். ஸ்கூட்டர் கிளம்பி, மேட்டிலிருந்து இறங்கி, திராட்சைத் தோட்டத்து வளைவில் சத்தம் தேயும்வரை அங்கேயே நின்றாள். உள்ளே இருந்தவர் அவள் பெயரைச் சொல்லி ஒரு தரம் கூப்பிட்டார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கையைப் பின்னால் நீட்டி, வெளியிலிருந்தே கதவைச் சாத்தினாள்.